வக்கீல்களிடம் சந்தா கேட்டவன்

பிறரிடம் பீஸ் வாங்கியே பழகிப்போன கையை அதனுடைய சொந்தப் பைக்குள் போகவைப்பதுதான் என் தொழிலாக இருந்தது.

வெள்ளைக்காரன் மூட்டை கட்டிய காலத்தில் ராயபுரத்தில் ஒரு வக்கீல் சங்கத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். கோர்ட்டுக் கட்டிடத்தின் பின்பக்கம் நீளமாக ஓர் அறை. சுவரோரம் சட்டப் புத்தக அலமாரிகள், நடுவில் வரிசையாக நாற்காலிகள், தலைக்கு மேலே கடகடவென்று சத்தம் போடும் மின்விசிறிகள். சங்கம் என்பது இவ்வளவுதான். ஏப்ரல் பிறந்தால் நான் ரசீதுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். ரசீதில் இரண்டு வரிகள் இருக்கும். முதல் வரி வருஷச் சந்தா. அதைக் கட்டித்தான் ஆகவேண்டும். இரண்டாவது வரி, உதவி நிதிக்கு விருப்ப நன்கொடை. வக்கீல் கண்ணை மூடியபின் தவித்து நிற்கும் குடும்பங்களுக்கும், நோயில் விழுந்துவிட்ட வக்கீல்களுக்கும் அந்த நிதியிலிருந்து உதவி போகும். கொடுத்தால் புண்ணியம். கொடுக்காவிட்டால் ஏன் என்று கேட்பாரில்லை.

வாடகை வசூலிக்கப் போகிறவர்களே, சீட்டுப் பணம் கேட்டு நடக்கிறவர்களே, தெருக்கோயில் திருவிழாவுக்காக வீடு வீடாக ஏறி இறங்குகிறவர்களே, உங்களுக்கு என் வணக்கம். நாமெல்லாம் ஒரே கட்சி. ஆனால் என் பாடு உங்கள் பாட்டைவிட ஒரு படி மோசம். உங்களிடம் "இல்லை, போ" என்பார்கள், நீங்கள் வந்துவிடலாம். என்னிடம் "இல்லை" என்பதற்கு ஐக்கோர்ட்டுத் தீர்ப்புகளை எடுத்துக் காட்டுவார்கள். முழுவதும் கேட்டுவிட்டுத்தான் நான் நகர வேண்டும்.

கோபாலரத்தினத்தின் அடிக்கோல்

துறைமுகத்தை ஒட்டியிருந்த கம்பெனிகளின் வழக்குகளில் பாதிக்குமேல் கோபாலரத்தினம் கையில்தான். கார் வைத்திருந்தார். குரலைக் கேட்க வேண்டுமே! அவர் உள்ளே வாதாடுவது வெளியே தேநீர்க் கடைக்காரருக்கு வார்த்தை வார்த்தையாகத் தெரியும். சந்தாவை ஏப்ரல் முதல் தேதியன்றே கட்டிவிடுவார். அதில் ஒரு குறை சொல்ல முடியாது. கட்டியபிறகு மேஜை மேலிருக்கும் அடிக்கோலை எடுத்து, ரசீதின் இரண்டாவது வரிமேல் வைத்து, நன்கொடை என்ற வார்த்தையை ஒரே இழுப்பில் அடித்துவிடுவார். அவ்வளவு நேர்க்கோடு எனக்கு இந்த ஜன்மத்தில் போட வராது.

ஒரு வருஷம் துணிந்து கேட்டுவிட்டேன். "ஐயா, போன மாசம் நம்ம அங்கத்தினர் ஒருத்தர் தவறிப்போயிட்டார். வீட்டிலே நாலு பெண் குழந்தைங்க. நீங்க மனசு வைக்கக் கூடாதா?" அவருக்குக் கோபம் வரவில்லை. கட்சிக்காரருக்குச் சட்டம் விளக்குவதுபோல நிதானமாகச் சொன்னார்:

"நாகு, கட்டாயம்னு எழுது. சண்டை போட்டுக்கிட்டே கட்டிடுவேன். விருப்பம்னு எழுதினா எந்த வக்கீல்கிட்டேருந்தும் காலணா வராது. நாங்க உத்தரவுக்குப் பழகினவங்கய்யா."

ராயபுரத்து ஆள்

எல்லோரும் கோபாலரத்தினம் இல்லை. கரீம் சாகிப் என்று ஒருவர் இருந்தார். கிரிமினல் வழக்குகள்தான் அவருக்கு வரும். மதுவிலக்கு வந்த புதிதில், பானையோடு பிடிபட்டவர்களெல்லாம் ஜாமீனுக்கு அவரைத்தான் தேடி வருவார்கள். ரம்ஜான் மாதம் நடுவில் ஒருநாள் என் மேஜைக்கு வந்து, யாரும் பார்க்காத சமயமாகப் பார்த்து, மடித்த நோட்டுகளை மைக்கூட்டுக்கு அடியில் வைத்துவிட்டுப் போய்விடுவார். நிதிக்கு அவ்வளவு பெரிய தொகை வேறு யாரும் கொடுத்ததில்லை.

எனக்குத்தான் சங்கடம். ரசீது போடாத பணத்தைப் பெட்டியில் வைத்தால் தணிக்கைக்கு வருகிறவர் என்னைப் பிடித்துக்கொள்வார். ரசீது போட்டாலோ கரீம் சாகிப் முகம் சுண்டிப்போகும். கொடுத்தது தெரிந்துவிட்டால் கொடுத்ததில் என்ன இருக்கிறது என்பார். நானும் விடவில்லை. "பேர் இல்லாம ரசீது எப்படிங்க போடறது?" என்று வராந்தாவரை பின்னாலேயே போனேன். அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"பேஜாரு பண்ணாதே நாகு. 'ராயபுரத்து ஆள் ஒருத்தர்'னு எழுதிக்கோ. ராயபுரத்துல ஆளுக்கா பஞ்சம்?"

வஞ்சிரம் ஏலம்

காலடிப்பேட்டையில் ஒரு ஐயர் வக்கீல் இருந்தார். சுத்த சைவம். அவருக்கு வாய்த்த கட்சிக்காரர்களோ திருவொற்றியூர்க் கடலோரத்துக் குப்பத்து மக்கள். பீஸ் கொடுக்கக் கையில் காசு இல்லாதபோது, அன்றைக்குக் கிடைத்ததில் நல்ல மீனாகப் பார்த்து வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். அது அவர்கள் செய்யும் மரியாதை. ஐயர் வீட்டு அம்மாளுக்கு அது பெரிய சோதனை. ஒரு நாள் காலை சந்தா கேட்டு நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது வாசற்படியில் கை நீளத்துக்கு ஒரு வஞ்சிரம் கிடந்தது. ஐயர் மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு உள்ளேயிருந்தபடியே பேசினார். "நாகு, என் சந்தாவும் நன்கொடையும் எல்லாமும் அதுதான். எடுத்துண்டு போயிடு. மேலே வர்றதை நிதிக்குப் போட்டுக்கோ."

வாழை இலையில் சுற்றி, ரயிலில் எல்லோருடைய பார்வையையும் வாங்கிக்கொண்டு, சங்கத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். கரீம் சாகிப் ஏலம் போட்டார். சட்டப் புத்தகம் இருந்த மேஜையில் வஞ்சிரம். சுற்றிலும் கறுப்புக் கோட்டுகள். ஆனால் கேட்ட விலையைச் சொன்னால் வெட்கக்கேடு. கோபாலரத்தினம் எட்டணாவில் ஆரம்பித்தார். அடுத்தவர் அதற்கு மேல் ஓரணா. அப்போது ஜன்னலோர நாற்காலியிலிருந்து சபாபதி என்ற வக்கீல் எழுந்து வந்தார். வாயைத் திறக்காமல் ஒரு காகிதத்தில் விலை எழுதி மேஜைமேல் வைத்தார். சந்தையில் என்ன போகுமோ அந்த விலை. அதைப் பார்த்ததும் மற்றவர்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. மளமளவென்று ஏறி, கடைசியில் கோபாலரத்தினமே எடுத்தார். சந்தா போக நிதிக்கும் நல்ல மிச்சம்.

மீனைக் கொண்டுவந்து வைத்தது காசியம்மா என்ற மீன்காரி. அன்றைக்கு ஒரு சில்லறை வழக்குக்காக அவளும் கோர்ட்டுக்கு வந்திருந்தாள். ஏலச் சத்தம் கேட்டு வாசலில் வந்து நின்றுகொண்டு, இடுப்பில் கை வைத்து, முழுவதையும் பார்த்திருக்கிறாள். போகும்போது என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்:

"இன்னா நைனா, இவ்ளோ படிச்சவங்க எட்டணாவுக்கு வஞ்சிரம் கேக்கறாங்க! அந்தக் காயிதத்துல எழுதிக் காட்டனாரே, அவரு ஒர்த்தருதான் மனுசன்."

முதல் வரியும் இரண்டாவது வரியும்

சபாபதி ஏன் எழுதிக் காட்டினார் என்று சொல்லவேண்டும். அவருக்குக் குரல் போய்விட்டது. தொண்டையில் ஏதோ கட்டி வந்து பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்தார்கள். உயிர் பிழைத்தது. ஆனால் அதற்குப்பின் பேசினால் காற்று மட்டும்தான் வந்தது. பக்கத்தில் காதை வைத்தால் வார்த்தை புரியும். நாற்பத்தைந்து வயதுகூட ஆகாத மனிதர். அதற்குமுன் அவர் குறுக்கு விசாரணை செய்கிறார் என்றால் மற்ற வக்கீல்கள் வேலையை விட்டுவிட்டு வந்து கேட்பார்கள். குரல் போன ஒரு வருஷத்தில் கட்சிக்காரர்கள் ஒவ்வொருவராக வழக்குக் கட்டை வாங்கிக்கொண்டு வேறு வக்கீலிடம் போய்விட்டார்கள். அதை அவர்கள் தப்பு என்றும் சொல்ல முடியாது. வக்கீலிடம் மனிதர்கள் விலைக்கு வாங்குவது குரலைத்தானே.

ஆனாலும் தினமும் கோட்டுப் போட்டுக்கொண்டு வருவார். ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, யாராவது கேட்டால் மனு எழுதிக் கொடுப்பார். வெளியில் ஆபீஸ் வைக்க வசதியில்லாத வக்கீலுக்குச் சங்கத்து நாற்காலிதான் ஆபீஸ். கட்சிக்காரர் யாராவது பேர் சொல்லிக் கேட்டால் பியூன் நேரே அந்த நாற்காலிக்கு அழைத்துவருவார். நாற்காலி போனால் ஆள் இருக்கும் இடமே தெரியாது. சந்தா கட்டாதவருக்கு அந்த அறையில் இடமில்லை என்பது சங்கத்து விதி. சபாபதியால் சந்தா கட்ட முடியவில்லை.

இதில் என்ன கூத்தென்றால், சந்தா பாக்கி வைத்த அதே மனிதர் இரண்டாவது வரிக்கு மட்டும் வருஷம் தவறாமல் ஒரு ரூபாய் கொடுத்துவந்தார். முதல் வரி காலி, இரண்டாவது வரியில் ஒரு ரூபாய். சங்கத்தில் இப்படி ஒரு ரசீது நான் யாருக்கும் கிழித்ததில்லை. "ஐயா, இந்த ரூபாயையாவது சந்தாவிலே வரவு வைக்கிறேனே. இல்லேன்னா நீங்களே உதவி நிதிக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்துடுங்க. நோய்க்குத்தானே அந்த நிதி?" என்று கெஞ்சினேன். அவர் என் தோளைப் பிடித்துக் குனியவைத்து, காதருகில் சொன்னார்:

"சந்தா சங்கத்துக்குச் சேர வேண்டியது. சங்கம் காத்திருக்கும், எனக்கு நோட்டீஸ் அனுப்பும். அந்த நாலு பொண்ணுங்க யாருக்கு நோட்டீஸ் அனுப்பும்?"

நோட்டீஸ் சார்பு செய்த இடம்

டிராம் நின்றுபோன வருஷம் அவருடைய பாக்கி விதியில் சொன்ன கெடுவைத் தாண்டிவிட்டது. பொதுக்கூட்டத்தில் பெயரை நீக்க வேண்டும். நோட்டீஸை என்னிடம் கொடுத்தார்கள். கொடுக்கும்போது காரியதரிசி என் முகத்தைப் பார்க்கவில்லை. சங்கத்தில் எல்லோருக்கும் எல்லாத் தபாலையும் எப்படிக் கொடுப்பேனோ அப்படியே ஜன்னலோர நாற்காலிக்குப் போய் சபாபதி கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன். அவர் படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த சில நாட்களில் ஐயர் வந்தார், கரீம் சாகிப் வந்தார், இன்னும் இரண்டு மூன்று பேர் தனித்தனியாக வந்து, "சபாபதி சந்தாவை நான் கட்டிடறேன், அவருக்குத் தெரிய வேண்டாம்" என்றார்கள். அவரவர் சந்தாவை அவரவரேதான் கட்டவேண்டும் என்று விதியிருந்தது. அந்த விதியை எழுதியவர்களும் இவர்களேதான்.

பொதுக்கூட்டம் நல்ல வெயில் காலத்தில் வந்தது. அறையில் வேர்த்துக் கொட்டுகிறது. காரியதரிசி சபாபதி பெயரைப் படித்ததும் அவர் எழுந்து நின்று ஏதோ சொன்னார். விசிறிச் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை. யாரோ எழுந்துபோய் எல்லா விசிறிகளையும் நிறுத்தினார்கள். அந்தப் புழுக்கத்தில் அத்தனை வக்கீல்கள் மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தார்கள். "சங்கம் சொல்றது நியாயம். எனக்கு எதிர்வாதம் இல்லை" என்றார் சபாபதி. தொலைந்தது, எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். கரீம் சாகிப் துள்ளி எழுந்தார். "எதிர்வாதம் இல்லேன்னா என்ன? சங்கம் முதல்ல தன் கட்சியை நிரூபிக்கணும். சங்கத்துச் சாட்சியை நான் விசாரிக்கணும்" என்று என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"நோட்டீஸை யார்கிட்டே கொடுத்தே?" "சபாபதி ஐயாகிட்டேதான்." "எங்கே வச்சு?" "இங்கேதாங்க. அந்த ஜன்னலோர நாற்காலியிலே." "விதியிலே என்ன எழுதியிருக்கு? படி." படித்தேன். அங்கத்தினரின் வீட்டு விலாசத்தில் சார்பு செய்யவேண்டும், அதாவது வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும் என்று எழுதியிருந்தது. சங்கம் தொடங்கிய நாளிலிருந்து எவனும் அப்படிச் செய்ததில்லை. எல்லோரையும் தினமும் நாற்காலியிலேயே பார்க்கும்போது எவன் வீடு தேடிப் போவான்? கரீம் சாகிப் கைகளை விரித்தார். "பார்த்தீங்களா, நோட்டீஸ் செல்லாது. சங்கம் தயாரா இல்லை. சங்கம் வாய்தா கேக்குது!" காரியதரிசி, "நான் எங்கேய்யா கேட்டேன்?" என்றார். "கேளுங்கய்யா" என்று நாலா பக்கத்திலிருந்தும் சத்தம் வந்தது. அவரும் கேட்டார். தலைவர் அடுத்த வருஷப் பொதுக்கூட்டத்துக்கு வாய்தா போட்டார்.

எல்லோரும் கைதட்டிவிட்டு விசிறியைப் போடப் போனார்கள். சபாபதி இன்னும் உட்காரவில்லை. கையைத் தூக்கி அவர்களைத் தடுத்தார். வாய்தா கேட்கிற கட்சி, அலையவைத்ததற்காக எதிர்க்கட்சிக்குச் செலவுத்தொகை கட்டவேண்டும் என்பது கோர்ட்டில் வழக்கம். எலும்புவரை வக்கீலாக இருந்த அந்த மனிதர் தலைவரைப் பார்த்து, அந்தக் காற்றுக் குரலில், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்:

"வாய்தா சரி. எனக்குச் செலவுத்தொகை? எனக்கு வர்றதை உதவி நிதியிலே போட்டுடுங்க."

உத்தரவுப்படி

தலைவர் அந்த இடத்திலேயே உத்தரவு போட்டுவிட்டார். சங்கம் சபாபதிக்குச் செலவுத்தொகை கட்டவேண்டும், அது நிதிக்குப் போகவேண்டும். சங்கத்திடம் பணமேது? அங்கத்தினர்கள்தான் சங்கம், ஆகவே ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்தார்கள். மறுநாள் காலை ரசீதுப் புத்தகத்தோடு கிளம்பினேன். விருப்ப நன்கொடை என்றால் மூட்டுவலி, மகள் கல்யாணம், வருமான வரி என்று சொன்ன அத்தனை பேரும் 'வாய்தா செலவு' என்றதும் பையில் கைவிட்டார்கள். ஒருத்தர்கூட எதிர்த்துப் பேசவில்லை. அந்த நாலு பெண்கள் வீட்டுக்கு அந்த மாதம் தலைநிமிர்ந்து பணம் கொண்டுபோனேன்.

அடுத்த வருஷம் நோட்டீஸை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆனால் அதில் கூட்டத் தேதி விட்டுப்போயிருந்தது. மறந்தது நானா, மறக்கச் சொன்னது தலைவரா என்று கேட்காதீர்கள். கரீம் சாகிப் என்னை மறுபடி விசாரித்தார், காரியதரிசி மறுபடி வாய்தா கேட்டார், சபாபதி மறுபடி எழுந்து நின்று செலவுத்தொகை கேட்டார். கோபாலரத்தினத்திடம் போனபோது அவர் அடிக்கோலைத் தேடவில்லை. பணத்தை எண்ணி வைத்தபடி சொன்னார்:

"அநியாய உத்தரவு. ஆனா உத்தரவு உத்தரவுதான். கட்டித்தானே ஆகணும்!"

விசிறியை நிறுத்து

இந்த வாய்தாக்களால் சபாபதியின் நாற்காலி தப்பியது. கட்சிக்காரர்தான் வரவில்லை. மனு எழுதிக் கிடைக்கிற சில்லறையில் குடும்பம் நடந்தது. அவர் மனைவி தண்டையார்பேட்டையில் தையல் எடுத்துத் தைக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். இப்படியே எத்தனை வாய்தா போடுவது என்று எனக்கே பயம் வந்துவிட்டது.

அப்படியிருக்கையில் ஒரு நாள் காசியம்மா வந்து நின்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. குப்பத்துப் பெண்கள் காலங்காலமாகக் கருவாடு காயப்போட்டு வந்த மணலில் பக்கத்துத் தொழிற்சாலைக்காரர்கள் முள்வேலி போட்டுவிட்டார்களாம். காய்ந்துகொண்டிருந்த மீனையெல்லாம் வாரி வெளியே கொட்டிவிட்டார்களாம். "ஐயரைக் கூப்பிடட்டுமா?" என்றேன். "ஐயரு நல்லவருதான் நைனா. மீனு வாசனைக்கே ஓடறவரு, மீனு காய வெக்கற எடத்துக்கு இன்னாத்த வாதாடுவாரு? காயிதத்துல வெல எழுதனாரே, அந்த வக்கீலு கீறாரா?" என்றாள். ஜன்னலோர நாற்காலியைக் காட்டினேன். சபாபதி அங்கேதான் இருந்தார். அவள் கேட்டதை நம்பாமல் அவர் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். "தெரியும் நைனா, தெரிஞ்சிதான் வந்துகீறேன்" என்று அவள் அவர் எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தொழிற்சாலைக்கு வக்கீல் யார் என்று சொல்லவேண்டுமா? கோபாலரத்தினம்தான். வழக்கு முன்சீப் முன்னால் வந்த அன்று நான் கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டேன். கோபாலரத்தினம் அரைமணி நேரம் இடி இடித்தார். பிறகு சபாபதி எழுந்தார். முன்சீப் காதைச் சாய்த்துப் பார்த்தார். கேட்கவில்லை. "விசிறியை நிறுத்து" என்று டவாலிச் சேவகனிடம் சொன்னார். பின்பக்கம் யாரோ இருமியதற்குக் கண்ணாலேயே அதட்டினார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அந்தக் கோர்ட்டில் அப்படி ஒரு அமைதியை நான் பார்த்ததில்லை. எந்த வருஷத்திலிருந்து அந்த மணலில் கருவாடு காய்கிறது, யார் யார் சாட்சி, கம்பெனிப் பத்திரத்தில் எல்லை எங்கே முடிகிறது என்று சபாபதி ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். நடுவில் கோபாலரத்தினம் ஆட்சேபணை சொல்ல எழுந்து வாயைத் திறந்தார். அந்த அமைதியில் தன் குரல் தனக்கே அதிகமாகப் பட்டதோ என்னவோ, பாதியில் தணித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

வேலியை எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. வெளியே வராந்தாவில் குப்பத்துப் பெண்கள் போட்ட கூச்சலில் பக்கத்துக் கோர்ட்டிலும் வேலை நின்றுபோயிற்று. சபாபதி சுவரில் சாய்ந்து நின்று அழுதுகொண்டிருந்தார். நானும்தான். காசியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்:

"எங்க குப்பத்துல அல்லாருமே கத்தறவங்கதான் நைனா. கத்தி இன்னாத்த கண்டோம்? இவரு மெதுவா பேசனாரு, கோர்ட்டே காதக் குடுத்துகினு குந்திகினு இருந்துச்சு!"

மிச்சப்பட்ட பணம்

எண்ணூர்வரை சேதி போய்விட்டது. விசிறியை நிறுத்தவைக்கிற வக்கீல் யார் என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பியூன் எல்லோரையும் ஜன்னலோர நாற்காலிக்கு அழைத்துப்போனார். அடுத்த ஏப்ரல் முதல் தேதி காலையில், கோபாலரத்தினம் வருவதற்கும் முன்னால், சபாபதி என் மேஜைக்கு வந்து பாக்கிச் சந்தா முழுவதையும் வைத்தார். அவருக்கு முதல் வரியை எழுதி எவ்வளவு காலமாயிற்று! இரண்டாவது வரிக்கு வழக்கமான ஒரு ரூபாயா என்று ஜாடையில் கேட்டேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டு, கரீம் சாகிப் பணம் வைக்கும் அதே மைக்கூட்டுக்கு அடியில் மடித்த நோட்டுகளை வைத்துவிட்டு, ராயபுரத்து ஆள் இன்னொருவர் நடையைக் கட்டினார்.

கொஞ்ச நேரத்தில் கோபாலரத்தினம் வந்தார். சந்தாவைக் கட்டினார். தனியாக ஒரு உறையை எடுத்து, "இந்த வருஷ வாய்தா செலவு. முன்கூட்டியே கொண்டுவந்துட்டேன்" என்று நீட்டினார். வழக்கில் தன்னைத் தோற்கடித்தவருக்கான செலவு அது. "ஐயா, சபாபதி பாக்கி முழுக்கக் கட்டிட்டாருங்க. இனிமே வாய்தா கிடையாது" என்றேன். அவர் முகத்தில் சந்தோஷமும் வந்தது, குழப்பமும் வந்தது. உறையை உள்ளே வைக்கப் போனார், மறுபடி வெளியே எடுத்தார். "இரண்டாவது வரி இருக்குங்களே" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன். ரசீதைப் பார்த்தார். 'விருப்ப நன்கொடை' என்று படித்ததும் பழைய கோபாலரத்தினம் திரும்பி வந்துவிட்டார். ஆனால் உறையை மட்டும் மேஜையிலேயே விட்டுவிட்டு, வாசல்வரை போனவர் திரும்பி நின்று சொன்னார்:

"விருப்பமெல்லாம் நமக்குச் சரிப்படாது. வேற எவனுக்காவது தொண்டை கட்டியிருக்கான்னு பாரு நாகு, ஒரு வாய்தா போட்டுடலாம்!"

அந்த வருஷக் கடைசியில் புது ரசீது அச்சடிக்கும்போது இரண்டாவது வரியிலிருந்து 'விருப்ப நன்கொடை'யை எடுத்துவிட்டு 'வாய்தா செலவு' என்று போட்டோம், அதற்குப்பின் அடிக்கோலைத் தேடிய வக்கீல் ஒருவரும் இல்லை.